நாலு காசும் ஒரு தீர்மானமும்

பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோகும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவிவருகிறது. புதுக்கோட்டைப் பக்கம் அடிக்கடி பார்க்கலாம். மேளம் முன்னே போகும். பெண்கள் தாம்பாளங்களில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு நோட்டு, பேனா, உலக உருண்டை என்று ஏந்தி வருவார்கள். பீரோவும் நாற்காலிகளும் மின்விசிறிகளும் டிராக்டரில் வரும். தலைமை ஆசிரியர் வாசலில் நின்று, சம்பந்தி வீட்டாரை அழைப்பதுபோல் சந்தனம் கொடுத்து உள்ளே அழைப்பார். ‘கல்விச் சீர்’ என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பார்த்து நெகிழாதவர்கள் குறைவு. நானும் நெகிழ்ந்துதான் நிற்கிறேன். ஆனால் ஊர்வலம் முடிந்து பொருள்களை இறக்கிவைக்கும்போது ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ஒரு மின்விசிறிக்கும் ஒரு பீரோவுக்கும் அரசுப் பள்ளியில் பணம் ஏன் இல்லை? ஊர் கொடுத்தது சரி. ஊர் கேட்டதா? கேட்டிருந்தால் யாரிடம், எந்தச் சட்டத்தின் பேரில்?

தமிழ்நாட்டில் பள்ளிக்காக ஊர் கூடியது இன்று நேற்று அல்ல. 1920ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் கல்விக்கென்று தனி வரி போடலாம் என்றது. நகரங்களில் சொத்து வரி கட்டுகிறவர்களுக்குத் தெரியும், கல்வி வரி இன்றும் அதன் ஒரு பங்காக இருக்கிறது. அதே 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கட்டுப்பாடு. பள்ளிக்குப் பணம் என்பது அப்போதே அணாக் கணக்கில் இழுபறியாகத்தான் இருந்திருக்கிறது.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அதற்கு முந்தைய ஆண்டு ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு, அவர் பதவி விலகிய பிறகு கைவிடப்பட்டது. கல்வித் துறையின் இயக்குநர் பொறுப்புக்கு நெ.து. சுந்தரவடிவேலு வந்தார். காஞ்சிபுரத்துக்கு அருகே நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தவர். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்ததைப் பள்ளிகள் திறந்த கதையாக மட்டும் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்குப் பணம் வருவதற்கு அவர்கள் கண்ட வழியைப் பற்றிப் பேசுவது குறைவு.

மதிய உணவை எடுத்துக்கொள்வோம். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதைத் தொடங்கிவைத்தபோது அது பெரும்பாலும் ஊரார் கொடையில் நடந்தது. அரிசி கொடுத்தவர்கள் உண்டு, விறகு கொடுத்தவர்கள் உண்டு, காய் கொடுத்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு நவம்பரில் அரசு மானியம் வந்தது. அதன் கணக்கு இது: ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் 6 காசு அரசு தரும், 4 காசு ஊர் தர வேண்டும்.

அந்த 4 காசை அரசின் கஞ்சத்தனமாகப் பார்க்கலாம். ஏழை ஊர்கள் நிறைய இருந்த மாநிலம் இது. அந்த ஊர்களுக்கு 4 காசு சுமைதான். ஆனால் அதில் இன்னொன்றும் இருந்தது. ஊர் தன் 4 காசை எடுத்து வைத்தால் அரசு தன் 6 காசை வைத்தே ஆக வேண்டும். கொடுப்பவனுக்குக் கேட்கும் உரிமை தானாக வந்துவிட்டது. எங்கள் பங்கு தயார், உங்கள் பங்கு எங்கே என்று கேட்கலாம். அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு பால் பவுடரும் எண்ணெயும் அனுப்பத் தொடங்கியது 1961இல்தான். அதற்கு முன்பே இந்த மண்ணில் ஒரு ஒப்பந்தம் வேரூன்றிவிட்டது.

அதே ஒப்பந்தம் பள்ளிக் கட்டடத்துக்கும் மேசைக்கும் நீண்டதுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் கூடியது. மாநாடு என்றவுடன் பந்தலும் பேச்சும்தான் நினைவுக்கு வரும். உண்மையான வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் எடுப்பார்கள். கூரை, சுவர், கரும்பலகை, பெஞ்சு, குடிதண்ணீர், வரைபடம், கடிகாரம், விளையாடும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் காகிதத்தோடு ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் வீடு வீடாகப் போவார்கள். நிலம் உள்ளவர் நிலம் எழுதிக் கொடுத்தார். இல்லாதவர் உடலுழைப்பைக் கொடுத்தார். மாநாட்டு மேடையில் யார் என்ன தந்தார் என்பது அறிவிக்கப்படும். காமராசரே பல மாநாடுகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். சில ஆண்டுகளிலேயே கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருளும் பணமும் இப்படிச் சேர்ந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை என்பதும் அந்த இயக்கத்தோடு பரவியதுதான். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே துணியில் உட்கார வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கும் முதல் துணி ஊரார் கொடுத்ததே.

இந்தியா முழுவதும் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழு சென்னை மாநிலத்தின் இந்த இயக்கத்தைக் கவனித்தது. அதே கோத்தாரி குழுதான் 1966இல் கொடுத்த அறிக்கையில், நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கும் நிலைக்கு அரசுகள் 1986க்குள் வர வேண்டும் என்றது. ஊர் தன் பங்கைச் செய்தது. அந்த 6 சதவீதம் இன்றுவரை வரவில்லை. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தை மறுபடியும் எழுதிவைத்திருக்கிறது.

அந்த மாநாடுகளைப் பொற்காலமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. மேடையில் பெயர் வாசிக்கப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் பண்ணையார், ஆலை முதலாளி, ஊர் நாட்டாண்மை. நிலம் கொடுத்தவருக்குப் பள்ளி எங்கே வரும் என்பதில் சொல் இருந்தது. அது ஊருக்குள் வந்தது, சேரிக்குப் போகவில்லை என்பது பல ஊர்களின் அனுபவம். பெண்கள் அரிசி அளந்து கொடுத்தார்கள். மேடை ஆண்களுடையது. கூலிக்காரத் தாய் ஒருத்தி எழுந்து, என் பிள்ளை படிக்கும் பள்ளியில் கக்கூஸ் இல்லை என்று அதிகாரியைப் பார்த்துச் சொல்லும் இடம் அன்று இல்லை. கொடுக்க முடிந்தவர்தான் கேட்கவும் முடிந்தது. அந்த ஒப்பந்தத்தின் வலிமையும் அதுதான், குறையும் அதுதான்.

பிறகு வந்த காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984இல் அது 15 வயதுவரை விரிந்தது. ஊரின் 4 காசு தேவையில்லாமல் போனது. பசித்த பிள்ளைக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. சோறு தருவது தருமம் என்பது போய், அரசின் கடமை என்று ஆனது அப்போதுதான். ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்த கயிறு மட்டும் தளர்ந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் இருந்தது. பல பள்ளிகளில் அது ஆண்டுத் தொடக்கத்தில் பணம் வாங்கும் ரசீதுப் புத்தகமாகவும், சுதந்திர தினத்தில் கொடியேற்றப் பிரமுகரை அழைக்கும் அமைப்பாகவும் சுருங்கியது. காலியாக இருக்கும் ஆசிரியர் இடத்துக்குக் கழகக் காசில் சொற்பச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதும் அப்போதே பழக்கமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மெட்ரிக் பள்ளிகள் பெருகின. கடைக்காரர், வாத்தியார், தாலுகா ஆபீஸ் ஊழியர், ஏன், பஞ்சாயத்துத் தலைவர்கூடத் தன் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்பினார். மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அரசுப் பள்ளியை விட்டுப் போனார்கள். பள்ளியின் நிதி குறைந்ததற்குக் காரணம் தேடுகிறவர்கள் பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். பள்ளிக்காகப் பேசும் வாய்கள் குறைந்ததையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

இன்றைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றைக் கட்டாயமாக்கியது. ஊரில் எஸ்.எம்.சி. என்றுதான் சொல்கிறார்கள். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம். பல ஆண்டுகள் இது தாளில் மட்டும் இருந்தது. தலைமை ஆசிரியர் மினிட் புத்தகத்தை அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார், கூட்டம் நடந்ததாகக் கணக்கு. 2022இல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி, அதன் பிறகு 20 பேர் கொண்ட குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும் என்பது விதி. மாதந்தோறும் கூட்டம், தீர்மானங்களைச் செயலியில் பதிவேற்றுதல் என்று ஒரு ஒழுங்கும் வந்தது.

1958இன் மேடையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியும். அன்று பண்ணையார் உட்கார்ந்த இடத்தில் இன்று நூறு நாள் வேலைக்குப் போய்வரும் ஒரு அம்மா உட்காரலாம். கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. அவர் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதே போதும்.

சட்டத்தின் 22ஆம் பிரிவை இந்த அம்மாக்கள் ஒவ்வொருவருக்கும் வாசித்துக்காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பள்ளி மேலாண்மைக் குழு ஒரு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும், அரசோ உள்ளாட்சியோ தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது அது. கடம்பத்தூர்க் காலத்தில் வீடு வீடாகக் கொண்டுபோன அந்தப் பட்டியல்தான் இது. அன்று அதை ஊராரிடம் நீட்டினார்கள். இன்று அதை அரசிடம் நீட்டச் சட்டம் சொல்கிறது. 4 காசு எடுத்து வைக்காமலே 6 காசைக் கேட்கும் உரிமை வந்திருக்கிறது.

வந்தும் நாம் இன்னும் பட்டியலை ஊராரிடமே நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஒரு சிறிய பள்ளியின் கையில் வரும் பணத்தைப் பாருங்கள். ஒன்றிய, மாநில அரசுகளின் நிதியில் நடக்கும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு முறை பள்ளி மானியம் வருகிறது. 30 பிள்ளைகள்வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். ஓராண்டின் சாக்பீஸ், துடைப்பம், பினாயில், பல்பு, குழாய் ரிப்பேர், பதிவேடு எல்லாம் இதில்தான். 28 பிள்ளைகள் படிக்கும் மலைக்கிராமத் தொடக்கப் பள்ளிக்கு மாதத்துக்கு எண்ணூறு ரூபாய்ச் சொச்சம் வருகிறது. ஒரு போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் அந்த ஆண்டு அவ்வளவுதான். அப்போது தலைமை ஆசிரியர் தன் பையிலிருந்து போடுகிறார், அல்லது சீர் வருமா என்று பார்க்கிறார்.

மாநில அரசு பணமே ஒதுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மற்ற துறைகளைவிடப் பெரிய தொகை. பேராசிரியர் அன்பழகன் பெயரில் 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய்க்கு வகுப்பறைகள் கட்டும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2021 டிசம்பரில், திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். பல ஊர்களில் இடித்தது வேகமாக நடந்தது, கட்டுவதற்குக் காத்திருந்தார்கள். மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்தது. சாலை மறியல் செய்த பெற்றோரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய பெற்றோரும் உண்டு. அந்த மறியலைப் பத்திரிகைகள் உள்பக்கத்தில் நாலு வரியில் போட்டன. சீர் ஊர்வலத்துக்குக் கால் பக்கப் படம் கிடைத்தது. இரண்டும் பள்ளிக்காக ஊர் செய்ததுதான். எனக்கு மறியலில் உட்கார்ந்த தாய்மார்களின் மேல் மதிப்பு அதிகம்.

ஒன்றிய அரசின் பங்கில் வந்த சிக்கல் வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிதி கொடுப்பது ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டின் பொறுப்பும் என்கிறது. சமக்ர சிக்ஷாவில் 60க்கு 40 என்பது கணக்கு. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை, அதில் தேசியக் கல்விக் கொள்கை முழுவதையும் ஏற்கும் நிபந்தனை இருக்கிறது என்பது தகராறு. 2025இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்தின்படி தர வேண்டிய பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்றது. கொள்கையில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். நடுவில் நிற்பது அந்த 10,000 ரூபாய்ப் பள்ளி. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரின் சம்பளமும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. 60ஐ நிறுத்திவைப்பதற்கு ஒரு பிள்ளையின் படிப்பு எப்படிப் பிணையாக முடியும்?

குழுக்கள் தவறான வேலைக்கும் பயன்பட்டிருக்கின்றன. 2022இல் 13,331 ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பு பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் விடப்பட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்பது முதல் அறிவிப்பு. பிறகு உயர்த்தினார்கள். வழக்கும் வந்தது. பழைய பெற்றோர் ஆசிரியர் கழகக் காலத்துப் பழக்கம் அரசாணையாக வந்த மாதிரி இருந்தது. ஆசிரியர் இல்லை என்று கேட்க வேண்டிய பெற்றோரையே குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியர் தேடச் சொன்னால், கேள்வி யார் பக்கம் திரும்பும்?

கொடையை இனி நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மதுரை கொடிக்குளத்தில் ஒரு வங்கி ஊழியர், இறந்துபோன தன் மகளின் நினைவாகப் பல கோடி மதிப்புள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். 2024 குடியரசு நாளில் அரசு அவருக்கு விருது கொடுத்தது. அந்தத் தாயின் மனசுக்கு முன்னால் வாதம் எதுவும் நிற்காது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்தில் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பணம் தருகிறார்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று கொடுத்தவர் பார்க்க முடிகிறது. நல்லதுதான்.

ஆனால் சீர் எந்தப் பள்ளிக்குப் போகிறது? சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் சம்பாதிக்கும் ஊரின் பள்ளிக்குப் போகிறது. பனியன் கம்பெனி முதலாளியோ ஐ.டி. வேலைக்காரரோ படித்த பள்ளிக்குப் போகிறது. ஜவ்வாது மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிக்கும், காலனிக்குள் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் யார் சீர் கொண்டுபோவார்கள்? முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கு வசதியான முன்னாள் மாணவர் எங்கிருந்து வருவார்? கொடுக்க முடிந்தவரின் பள்ளி மட்டும் வளரும் என்பது 1958இன் குறை. சட்டம் அதைச் சரிசெய்த பிறகும் நாம் அங்கேயே திரும்பிப் போகக் கூடாது.

2022க்குப் பிறகு சில குழுக்கள் செய்துகாட்டியிருக்கும் வேலை எனக்கு நம்பிக்கை தருகிறது. சுற்றுச்சுவர் கேட்டுத் தீர்மானம் போட்டு, பதில் வராமல் அடுத்த மாதமும் அதே தீர்மானத்தைப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் போய், கிராம சபையில் எழுந்து வாசித்து, கடைசியில் ஊராட்சி ஒன்றிய நிதியிலிருந்து வாங்கிய தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் ‘உபயம்’ என்று இருக்காது. இரவில் வீட்டு வேலை முடிந்து, படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து அந்த மனுவை எழுதியிருப்பார்கள்.

அவர்களுக்கு இப்போது வேண்டியது பதில். தீர்மானத்தைச் செயலியில் ஏற்றியாயிற்று, பார்த்துக்கொள்வார்கள் என்று அனுப்பிவிடுவது போதாது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும் என்று குழுக்கள் கேட்க வேண்டும், அரசு அதற்கு உடன்பட வேண்டும். பணம் எந்தத் தலைப்பில் எப்போது வரும் என்று எழுதட்டும். பணம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த கிராம சபையில் வாசிக்கலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோகலாம், 22ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம்வரைக்கும் போகலாம்.